ஒரு பக்கம் மட்டும் பாடும் தட்டு

வேலூரில் இறங்கிய முதல் நாளே எனக்கு எல்லாவற்றின் மீதும் எரிச்சல் வந்தது. காபியைக் கட்டைவிரல் உயர டம்ளரில் கொடுத்தார்கள். வெயிலை மட்டும் தாராளமாகக் கொடுத்தார்கள். பினாங்கில் மத்தியானம் ஒரு மழை வந்து தெருவைக் கழுவிவிட்டுப் போகும். இங்கே வானத்தைப் பார்த்தால் அதற்கு அப்படி ஒரு பழக்கம் இருந்ததாகவே தெரியவில்லை. எழுபதுகளின் கடைசி, மே மாதம். ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்தில் ஒரு லாட்ஜில் அறை எடுத்திருந்தேன். பக்கத்து அறைகளிலெல்லாம் வங்காளத்திலிருந்து வந்த நோயாளிகள். எல்லார் கையிலும் எக்ஸ்ரே உறை. அந்த உறைகளைப் பார்க்கும்போதெல்லாம் உள்ளே இசைத்தட்டு இருக்குமோ என்று என் கண் அதன் பின்னாலேயே போனது. என் பைத்தியம் அப்படி.

நான் இசைத்தட்டு சேர்க்கிறவன். பக்கத்துக்கு ஒரே பாட்டு உள்ள சின்னத் தட்டு, சிங்கிள் என்பார்களே, அது மட்டும்தான். எங்கள் ஊர்க் காபிக் கடைகளில் காசு போட்டால் பாடும் பெட்டிகளுக்காக அறுபதுகளில் வந்து குவிந்தவை. ஒவ்வொரு தட்டும் யாரிடமிருந்து எப்படி வந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். கப்பல் சமையல்காரர் ஒருவர் என் மழைக்கோட்டை வாங்கிக்கொண்டு கொடுத்தது. பிரிந்துபோன தம்பதி சாமான்களைப் பங்கு போட்டதில் கணவன் பங்குக்கு வந்து, அவன் கேட்கப் பிடிக்காமல் என்னிடம் தள்ளிவிட்டது. பாட்டைவிட இந்தக் கதைகள்தான் எனக்கு ருசி.

வேலூருக்கு நான் தட்டு தேடி வரவில்லை. அண்ணன் சுந்தரத்துக்குத் தொண்டையில் புற்று. குரல்வளையை எடுத்துவிட்டால் ஆள் பிழைக்கலாம், பேச்சு போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சனிக்கிழமை காலை ஆபரேஷன். அண்ணியும் மகள் செல்வியும் பினாங்கில் இருந்தார்கள். செல்விக்குப் பத்து வயது.

இருபத்தாறு வயதில் அண்ணன் துறைமுகத்து நண்பர்கள் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு ஒரு சிங்கிள் வெளியிட்டான். கிடாரும் டிரம்ஸும் வைத்துத் தமிழில் பாடிய பாப் பாட்டு. சொற்பப் பிரதிகள்தான் அச்சாயின. வெளியிட்ட கம்பெனி மூடிப் போய், மிச்சம் இருந்தவை வெள்ளத்தில் போயின. ஒரே ஒரு தட்டு எங்கள் வீட்டில் இருந்தது. அதை என் அலமாரியில் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லி என்னிடம் கொடுத்திருந்தான்.

புதன்கிழமை மாலை அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து காற்றும் சத்தமும் கலந்த குரலில் கேட்டான். "தட்டு பத்திரமா இருக்குல்ல? பாப்பாவுக்கு அப்பா குரல்னு அது ஒண்ணு போதும்டா."

"இருக்கு அண்ணே" என்றேன்.

அது பொய். தட்டு என்னிடம் இல்லை. எட்டு வருஷத்துக்கு முன்பு தோல் வியாபாரத்துக்காகப் பினாங்கு வந்த ஆம்பூர்க்காரர் கபூர் பாயிடம் அதைக் கொடுத்துவிட்டு, லண்டனில் அச்சான, 'விற்பனைக்கு அல்ல' என்று லேபிளில் போட்ட வெள்ளைத் தட்டு ஒன்றை வாங்கினேன். அவரும் என்னைப் போல சிங்கிள் பைத்தியம். அண்ணனிடம் சொல்லவில்லை. நோட்டில் மட்டும் எழுதி வைத்தேன்: 'அண்ணன் தட்டைக் கொடுத்து வாங்கியது. நல்ல பேரம்.'

இப்போது பேசுவதையே கேஸட்டில் பதிந்துகொள்ளலாமே என்று சிஸ்டர் ஸ்டெல்லா சொல்லிப் பார்த்தார். அந்த வார்டைக் கவனித்துக்கொண்டவர். அண்ணன் கையை ஆட்டி மறுத்துவிட்டான். ஆறு மாதமாக அவன் குரல் வெறும் கரகரப்பு. அதையா மகளுக்குக் கொடுப்பது என்று அவனுக்கு ரோஷம்.

அன்று இரவு முழுக்க நான் தூங்கவில்லை. நோட்டில் கபூர் பாயின் ஆம்பூர் விலாசம் இருந்தது.

வியாழக்கிழமை காலை ஆம்பூர் பஸ் பிடித்தேன். நாற்பது பேர் ஏறுகிற வண்டியில் நூறு பேர் ஏறினோம். பினாங்கில் பஸ்ஸில் யாரும் யாரோடும் பேசுவதில்லை. இங்கே என் மடியில் கூடையை வைத்த அம்மாள் என் அண்ணனுக்கு என்ன வியாதி என்பது வரை கேட்டுத் தெரிந்துகொண்டு, "ஆண்டவர் பாத்துப்பாரு, அழாதே" என்றாள். நான் அழவில்லை. வெயிலில் கண் கூசியது என்றுதான் இன்று வரை சொல்லி வருகிறேன்.

ஆம்பூர் வருவதை மூக்கு முதலில் சொன்னது. தோல் பதனிடுகிற வாசனை, அதில் சுண்ணாம்பும் இன்னும் ஏதோ மருந்தும் கலந்திருந்தது. விலாசத்தில் இருந்த கட்டடத்தில் கபூர் பாய் கம்பெனிப் பலகை இல்லை. வேறொருவர் ஷூவுக்கு மேல்தோல் தைக்கும் பட்டறை வைத்திருந்தார். கபூர் பாய் எங்கே என்றால் தெரியாது என்றார். பக்கத்துக் கடையில் கேட்டேன், அங்கேயும் தெரியாது. கடன்காரன் வந்து தேடுகிறான் என்று நினைத்துவிட்டார்கள் போல. என் வெள்ளைச் சட்டையும் கையில் நோட்டும் அப்படித்தான் இருந்திருக்கும்.

பசி தாங்காமல் ஒரு பிரியாணிக் கடையில் உட்கார்ந்தேன். சீரகச் சம்பா அரிசி, அளவான மசாலா, பக்கத்தில் புளிப்பாகக் கத்திரிக்காய். பினாங்கில் இதே பேரில் நாங்கள் சாப்பிடுவதை இவர்களிடம் காட்டினால் கேலி செய்வார்கள். இரண்டு கவளம்தான் இறங்கியது. இலையில் சோற்றை வைத்துவிட்டு எழுந்ததைப் பார்த்துக் கல்லாவில் இருந்தவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"இன்னா சார், பிடிக்கலயா?"

எனக்கும் சுர்ரென்று ஏறியது. பிரியாணியில் குறை இல்லை, அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், கபூர் பாய் என்று ஒருத்தரைத் தேடுகிறேன், ஊரே சேர்ந்து மறைக்கிறது என்று கொட்டித் தீர்த்தேன். அவர் முகம் இளகிவிட்டது.

"பாட்டுத்தட்டு கபூர் பாயா? வியாபாரம் நொடிச்சுப் போச்சு சார். வாணியம்பாடியில மச்சான் தொழிற்சாலையில பினிஷிங் செக்‌ஷன் பாக்குறாரு. ஒரு மணி நேரத்துல போய்டலாம்."

அந்த ஒரு மணி நேரம் என்னிடம் இல்லை. நான்கு மணிக்கு டாக்டர் முன்னால் சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். வேலூருக்குத் திரும்பினேன். கையெழுத்துப் போடும்போது, பேச்சு நிரந்தரமாகப் போகும் என்ற வரியை டாக்டர் விரலால் தொட்டுக் காட்டினார். அண்ணன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் வாணியம்பாடிக்குக் கிளம்பினேன். போய் இறங்கிய பிறகுதான் என் முட்டாள்தனம் புரிந்தது. தொழிற்சாலைகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. எங்கள் ஊரில் ஞாயிறு என்றால் இங்கே வெள்ளி. கேட்டில் ஒரு நாய் மட்டும் இருந்தது. தெருவில் கேட்டுக் கேட்டுக் கபூர் பாயின் வீட்டுக்குப் போனேன். அவர் உறவினர் ஒருவரைப் பார்க்கப் போயிருக்கிறார், ஜும்மாவுக்கு நேராக மசூதிக்கு வந்துவிடுவார் என்று கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் உருதுவில் சொல்ல, பக்கத்து வீட்டுப் பெரியவர் தமிழில் மாற்றிச் சொன்னார்.

மசூதி வாசலில் இரண்டு மணி நேரம் நின்றேன். செருப்புகளை எண்ணினேன், மறுபடி எண்ணினேன். ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம் நாலிலிருந்து ஆறு. ஆறுக்கு மேல் அண்ணனை ஆபரேஷனுக்குத் தயார் செய்ய எடுத்துக்கொள்வார்கள். தொழுகை முடிந்து வெள்ளைத் தொப்பிகள் வெளியே வரும்போது மணி ஒன்றே முக்கால். எட்டு வருஷத்தில் கபூர் பாயின் தாடி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். கட்டிப்பிடித்தார்.

"மோகன் தம்பி! சாப்பிட்டீங்களா?"

"அண்ணன் தட்டு வேணும் பாய். இப்பவே வேணும்."

நடந்துகொண்டே விஷயத்தைச் சொன்னேன். அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். நடையும் மெதுவானது.

தட்டுப் பெட்டி தொழிற்சாலையில் இருந்தது. வீட்டில் அவருடைய தகப்பனாருக்குப் பாட்டு ஆகாது. அதனால் பினிஷிங் செக்‌ஷனில், சாயமும் பாலிஷும் வைக்கிற அறையில், பெட்டியை ஒளித்து வைத்திருந்தார். சாவி அவரிடமே இருந்தது. பெட்டியைத் திறந்தார். நடு ஓட்டை பெரிதாக இருக்கும் தட்டுகளில் எல்லாம் ஷூ அடித்தோலில் வில்லை வெட்டி, நடுவில் துளை போட்டு, இம்மி பிசகாமல் பொருத்தியிருந்தார். வேறு நாளாக இருந்தால் ஒவ்வொன்றின் கதையையும் கேட்டிருப்பேன். கடைசி வரை தேடி அடியிலிருந்து ஒன்றை எடுத்தார். உறையில் அண்ணன் ஒல்லியாக, கையில் கிடாரோடு நின்றான்.

வெளியே எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் கண்ணாடி போலப் பளபளத்தது. பாட்டுக் கோடுகளே இல்லை.

"என்ன ஆச்சு பாய் இதுக்கு?"

அவர் அறையின் மறுகோடியில் இருந்த ஆளுயர இயந்திரத்தைப் பார்த்தார். பிளேட்டிங் மெஷின். கீழே கம்பளி விரித்த படுக்கை, மேலே சூடான இரும்புத் தகடு. சுருங்கிய தோலை உள்ளே வைத்து அழுத்தினால் மடிப்பு போய் மழமழவென்று வெளியே வரும்.

"போன கோடையில தட்டெல்லாம் வளைஞ்சு போச்சு தம்பி. முப்பது வருஷமா கோணல் தோலை நேராக்குறேன். தட்டை நேராக்க முடியாதான்னு நெனச்சேன். சூட்டைக் கம்மியா வச்சு, முதல்ல ஒண்ணே ஒண்ணப் போட்டுப் பாத்தேன்."

"இருக்கறதுல என் அண்ணன்தான் கிடைச்சானா?"

"மத்ததெல்லாம் லண்டன், அமெரிக்கா. திரும்பக் கிடைக்காது. இது பினாங்கு. மறுபடி போனா உங்ககிட்டயே இன்னொண்ணு வாங்கிக்கலாம்னு நெனச்சுட்டேன்."

கையில் இருந்த நோட்டை அவர் மேல் வீசலாம் என்று வந்தது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தரையைப் பார்த்தபடி கேட்டார். "நீங்க இன்னா நெனச்சு தம்பி எனக்குக் குடுத்தீங்க?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. நானும் அதையேதான் நினைத்தேன். அண்ணன் தட்டுதானே, வீட்டுச் சரக்கு, எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும் என்று நினைத்தேன். வெட்கத்தில் காது சுட்டது.

தகட்டில் படாமல் கம்பளிப் பக்கம் இருந்ததால் மறுபக்கத்தில் கோடுகள் இருந்தன. பாடுமா என்று போட்டுப் பார்க்கலாம் என்றால் கரண்ட் இல்லை. அந்த வருஷம் தினமும் மூன்று மணி நேரம் வெட்டு. கபூர் பாய் தட்டை இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்து, மெல்லிய ஆட்டுத்தோலில் சுற்றிக் கட்டிக் கொடுத்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாடலன்னா எனக்கு எழுதாதீங்க தம்பி. பாடினா ஒரு வரி எழுதுங்க" என்றார். நான் கோபம் ஆறாமல் கையை உருவிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

பள்ளிகொண்டா தாண்டுவதற்கு முன்பே பஸ் டயர் வெடித்தது. மாற்று டயர் இல்லை. கண்டக்டர் ரோட்டோரம் துண்டை விரித்துப் படுத்துவிட்டார். "அடுத்த வண்டி எப்போ?" என்றால், "வரும் சார், ஏன் பேஜார் பண்றீங்க" என்று கண்ணைத் திறக்காமல் சொன்னார். மணி மூன்றரை. மரம் இல்லாத இடம். தட்டு வெயிலில் வளைந்துவிடுமே என்று அதைச் சட்டைக்குள் வைத்து, குனிந்து என் முதுகையே அதற்குக் குடையாக்கிக்கொண்டு நின்றேன். பார்த்தவர்கள் வயிற்றுவலிக்காரன் என்று நினைத்திருப்பார்கள். ஒருவர் சோடா வாங்கிக் கொடுத்தார்.

குடியாத்தத்திலிருந்து லுங்கி மூட்டைகள் ஏற்றி வந்த லாரி ஒன்று நின்றது. முன்னால் இடம் இல்லை, மேலே ஏறு என்றார் டிரைவர். தட்டைப் பற்றி அவரிடம் சொன்னேன். அவருக்கு உடனே புரிந்தது.

"மூட்டை நடுவுல சொருகுங்க சார். வெயிலு அங்க போவாது. நீங்கதான் காயணும்."

தட்டு லுங்கிகளுக்கு நடுவே சுகமாக வந்தது. நான் மேலே கருவாடாகிக்கொண்டு வந்தேன்.

லாங் பஜாரில் இறங்கும்போது ஐந்து அடிக்கப் பத்து நிமிஷம். கைவண்டி, சைக்கிள், மூட்டை தூக்குகிறவர்கள், நடுவில் ஒரு மாடு. இடித்துக்கொண்டு போய் ஒரு மைக் செட் கடையைக் கண்டுபிடித்தேன். கல்யாணத்துக்கு வாடகைக்கு விடும் சின்ன ரிக்கார்டு பிளேயர் ஒன்று இருந்தது. கடைக்காரர் தட்டை வாங்கி வைத்தார். கபூர் பாயின் தோல் வில்லை நடுக்கம்பியில் கச்சிதமாக உட்கார்ந்தது. முதலில் பளபளப்புப் பக்கம்தான் மேலே இருந்தது. முள் வைத்ததும் சர்ரென்று வழுக்கி நடுவுக்குப் போய் நின்றது.

"இன்னா சார், பனிக்கட்டி மேல உட்ட மாதிரி போவுது" என்றார்.

திருப்பிப் போட்டார். டப், டப் என்று சுற்றுக்கு ஒரு இடி. அதற்குப் பின்னாலிருந்து கிடார் வந்தது. பிறகு இருபத்தாறு வயது அண்ணன். அது படகுத்துறையைப் பற்றிய இரண்டாவது பாட்டு. ஸ்டுடியோவில் மிஞ்சிய அரை மணி நேரத்தில், பக்கத்தை நிரப்ப வேண்டுமே என்று பாடியது. நடுவில் அவனுக்குச் சிரிப்பு வந்து, அடக்கிக்கொண்டு அடுத்த வரியைப் பிடிக்கிறான். பாடுகிறவன் என் அண்ணன், ஆறு மணிக்குள் இதை ஆஸ்பத்திரியில் அவனுக்குப் போட்டுக் காட்ட வேண்டும் என்றேன். கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டு, வாடகை எவ்வளவு என்று சொல்லாமலே பிளேயரை ரிக்‌ஷாவில் ஏற்றினார்.

வார்டுக்குள் நுழையும்போது ஐந்தே முக்கால். பிளேயரைப் பார்த்ததும் சிஸ்டர் ஸ்டெல்லா வழிமறித்தார். "இது வார்டு. மத்த பேஷண்ட் இருக்காங்க." எதற்கு என்று சொன்னேன். கடிகாரத்தைப் பார்த்தார். "சவுண்ட் கம்மியா வைங்க. ஆறுக்கு நானே வந்து நிறுத்துவேன்" என்றார்.

பாட்டு ஆரம்பித்ததும் அண்ணன் எழுந்து உட்கார்ந்தான். பக்கத்துக் கட்டிலில் இருந்த வங்காளிப் பெரியவர் பாட்டையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்பு வருகிற இடத்தில் அண்ணனும் சத்தமில்லாமல் சிரித்தான். முடிந்ததும் விரலைச் சுழற்றி, திருப்பிப் போடு என்று காட்டினான். மூன்று மாதம் பழகிப் பாடிய பாட்டு அந்தப் பக்கத்தில்தான் இருந்தது.

"அந்தப் பக்கம் இல்லண்ணே" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளைத் தட்டு, கபூர் பாய், மெஷின், நான் சொன்ன பொய், நோட்டில் எழுதிய வரி கூட. நோட்டு வரியை ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. மிச்சம் எதுவும் வைக்க முடியவில்லை.

குரலைச் சேமிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதால் ஒரு வாரமாக நாளுக்குப் பத்து வார்த்தைக்கு மேல் பேசாத அண்ணன் வாயைத் திறந்தான்.

"டேய் கழுதை. பன்னி. பேரு தெரியாதவன் பாட்டுக்கு அண்ணனத் தூக்கிக் குடுத்துட்டு வந்திருக்கியே. சங்குல பால் ஊத்தி வளத்தாங்களா உன்னய, சாக்கடையில போட்டு வளத்தாங்களா? ராத்திரி ஷிப்ட்டு முடிச்சுட்டு வந்து மூணு மாசம் பழகினேன்டா அந்தப் பாட்ட. சட்டை கூட இரவல். உனக்குத் தட்டுப் பைத்தியம் புடிச்சதே என் தட்டப் பாத்துத்தானடா. பள்ளிக்கூடம் முழுக்க எங்கண்ணன் எங்கண்ணன்னு தூக்கிட்டு அலைஞ்சியே, அந்தத் தட்டா உனக்குச் சல்லிசாப் போச்சு?"

இன்னும் இருந்தது. கரகரத்து, நடுநடுவே காற்றாகிப் போய், மறுபடி பிடித்துக்கொண்டு வந்தது. நான் தலையைத் தூக்கவில்லை. சத்தம் கேட்டு சிஸ்டர் ஓடி வந்தார்.

"மிஸ்டர் சுந்தரம், பேசவே கூடாது உங்களுக்கு."

"சிஸ்டர், நாளையிலேருந்து இவனத் திட்ட முடியாது. இன்னிக்கே முடிச்சுடறேன்" என்றான் அண்ணன்.

சிஸ்டர் நின்றார். கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் போய்த் திரையைச் சரி செய்துகொண்டிருந்தார். ஆறு அடித்துப் பத்து நிமிஷம் வரை அதைச் சரி செய்தார். திட்டி முடித்த அண்ணன் ஒரு வாய் தண்ணீர் குடித்தான். "இருக்கற பக்கத்த இன்னொரு தரம் போடு" என்றான். அவன் வாயால் நான் கேட்ட கடைசிப் பேச்சு அது.

சனிக்கிழமை பகல் முழுக்க ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் டாக்டர் வந்து பிழைத்துவிட்டான் என்றார். லாட்ஜுக்குப் போய்க் கபூர் பாய்க்கு ஒரு வரி எழுதினேன். 'பாடியது.'

அடுத்த வருஷம் தீபாவளிக்குப் பினாங்கில் எல்லாரும் கூடியிருந்தோம். அந்தத் தட்டைப் போட்டேன். செல்வி முழுக்கக் கேட்டுவிட்டு, "சித்தப்பா, இது பாடுற குரல். அப்பா பேசினா எப்படி இருக்கும்? எனக்கு மறந்து மறந்து போவுது" என்றாள்.

அண்ணன் நாற்காலியில் இருந்தான், மடியில் எழுதுகிற சிலேட்டு. அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. செல்வியையும் ஏமாற்ற முடியவில்லை. எழுந்து நின்றேன். தொண்டையை இறுக்கிக் கரகரப்பாக்கிக்கொண்டு, அன்று வாங்கிய திட்டை ஆரம்பம் முதல் ஒப்பித்தேன். காற்றாகிப் போன இடத்தில் காற்றாகி, நின்ற இடத்தில் நின்று சொன்னேன். செல்வி முதலில் சிரித்தாள். பாதியில் சிரிப்பை நிறுத்திவிட்டு அப்பாவின் வாயையே பார்க்க ஆரம்பித்தாள். நான் சொல்லச் சொல்ல அவன் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

முடித்ததும் அண்ணன் சிலேட்டில் எழுதி என் பக்கம் திருப்பினான்.

'பன்னியை விட்டுட்டே. முதல்லேருந்து சொல்லு.'

முதலிலிருந்து சொன்னேன்.